நிமிர்ந்து உட்காரும் வண்டி

போன மாதம் பரணைச் சுத்தம் செய்தபோது அப்பாவின் பழைய சாக்குப் பை ஒன்று கிடைத்தது. உள்ளே ஆறு ஸ்பானர்கள், ஒரு பிளக் ஸ்பானர், எண்ணெய் ஊறிக் கறுத்துப்போன ஒரு துணி. ஸ்பானர்களில் எண்கள் பின்னத்தில் பொறித்திருக்கின்றன: 3/16, 1/4, 5/16 என்று. இன்றைய மெக்கானிக் பையன்களிடம் கொடுத்தால் எந்த போல்ட்டிலும் உட்காராது. அந்தப் பையைப் பார்த்ததும்தான், இங்கிலாந்தில் இருந்தபோது ஐம்பத்தெட்டு வயதில் நான் மோட்டார் சைக்கிள் வாங்கிய கதையை எழுத வேண்டும் என்று தோன்றியது. கதை என்னுடையதுதான். ஆனால் அதற்குள் நூறு வருஷச் சரித்திரம் ஒன்றும் இருக்கிறது.

மன்னார்குடியில் அறுபதைத் தாண்டியவர்களுக்கு அப்பாவை நினைவிருக்கலாம். கால்நடை டாக்டர். அவரை முகத்தால் அறிந்தவர்களைவிடச் சத்தத்தால் அறிந்தவர்கள் அதிகம். 1971ல் திருச்சியில் ஒருவரிடம் வாங்கிய புல்லட் 350. அதற்கு முன் ராணுவத்தில் இருந்து ஏலத்தில் வந்த வண்டி அது. காலையில் அந்தச் சத்தம் தேரடி தாண்டி வடுவூர்ப் பக்கம் போனால், அங்கே யார் வீட்டிலோ மாடு கன்று போட முடியாமல் நிற்கிறது என்று அர்த்தம். பின்னால் மருந்துப் பெட்டியைக் கயிற்றால் கட்டிக்கொண்டு, ஆற்றங்கரை மண் பாதையில், நாற்காலியில் உட்கார்ந்தவர் மாதிரி நிமிர்ந்து போவார். வண்டியை உதைத்துக் கிளப்புவதே ஒரு சடங்கு. அம்மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெல்ல அழுத்துவார். டீகம்ப்ரஷன் லீவரைப் பிடித்துச் சற்று இறக்கி, விட்டுவிட்டு, ஒரே மிதி. இருபத்திரண்டு வருஷம் ஓட்டினார். முதுகு வலி என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 2001ல் வேலைக்காக இங்கிலாந்தின் நடுப்பகுதியில் இருக்கும் கவென்ட்ரி நகருக்குப் போனேன். இரண்டு வருஷம் கழித்து, குளிர் பழகியதும், வண்டி ஆசை வந்தது. நம் ஊர் லைசென்ஸ் அங்கே ஒரு வருஷத்துக்குத்தான் செல்லும். பிறகு அவர்கள் பரீட்சையை எழுதித்தான் ஆக வேண்டும். அதற்கும் முன்னால் ஒரு நாள் கட்டாயப் பயிற்சி. 1990 முதல் இந்த ஏற்பாடு. அந்தப் பயிற்சியில் என் வலது கால் கியரையும் இடது கால் பிரேக்கையும் தேடிக்கொண்டே இருந்தன. புல்லட்டில் பழகிய கால்கள்! சொல்லிக்கொடுத்தவர் நரைத்த தாடிக்காரர். சிரித்துக்கொண்டே, "என் முதல் வண்டியிலும் அப்படித்தான். இங்கிலாந்து வண்டிகளின் பழைய முறையே அதுதான்" என்றார். மெட்ராஸ் வழக்கம் என்று நான் நினைத்திருந்தது அவருடைய ஊர் வழக்கம் என்று அன்றைக்குத் தெரிந்தது.

லைசென்ஸ் வந்ததும் நான் வாங்கியது பந்தய பாணி வண்டி. தாழ்ந்த கைப்பிடி, உயரத் தூக்கிய பின்சீட்டு, உடம்பு முழுக்கப் பிளாஸ்டிக் போர்வை. நாற்பதை நெருங்கும் ஆணின் புத்தி அப்படித்தான் வேலை செய்யும். பெட்ரோல் டாங்கின் மேல் கவிழ்ந்துகொண்டு நான்கைந்து வருஷம் ஓட்டினேன். பகலெல்லாம் கம்ப்யூட்டர் முன்னால் குனிந்த வேலை, ஞாயிற்றுக்கிழமை வண்டிமேல் குனிந்த பொழுதுபோக்கு. வண்டியை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன். 2018ல் கீழ் முதுகில் ஆபரேஷன் ஆயிற்று. அதற்கு வெகு முன்னரே வண்டியை விற்றிருந்தேன்.

பிறகு எனக்கு உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்த பிசியோதெரபி அம்மாள் ஒருநாள் காகிதத்தில் ஒரு முக்கோணம் வரைந்தார். கைப்பிடி ஒரு முனை, சீட்டு ஒரு முனை, கால் வைக்கும் இடம் ஒரு முனை. "வண்டி எதுவானாலும் இந்த மூன்று புள்ளியும்தான் உங்கள் முதுகெலும்பின் தலையெழுத்து" என்றார். கைப்பிடி தாழ்ந்தால் பாரம் மணிக்கட்டுக்கும் கழுத்துக்கும் போகும். காலை முன்னால் நீட்டினால், குழியில் விழும்போது கால் தாங்காது. அடி நேராக வாலெலும்பில் இறங்கும். தோள், இடுப்பு, பாதம் மூன்றும் ஏறக்குறைய ஒரே கோட்டில் இருந்தால்தான் கால்கள் கொஞ்சம் பாரம் வாங்கும். அவர் வரைந்துகொண்டே இருக்கும்போது எனக்கு அப்பா ஆற்றங்கரையில் போகும் காட்சிதான் கண்முன் நின்றது.

அப்படியானால் உலகம் ஏன் அந்த உட்காரும் முறையை விட்டது? கவென்ட்ரியில் இருந்துகொண்டு இந்தக் கேள்வி கேட்காமல் இருக்க முடியாது. ஒரு காலத்தில் உலகத்துக்கே மோட்டார் சைக்கிள் செய்து அனுப்பிய வட்டாரம் அது. டிரையம்ஃப் கவென்ட்ரியில் பிறந்தது. 1902ல் முதல் மோட்டார் சைக்கிள் செய்தார்கள். பர்மிங்ஹாமின் ஸ்மால் ஹீத்தில் பி.எஸ்.ஏ. அங்கிருந்து தெற்கே ரெட்டிச் என்ற சிற்றூரில் ராயல் என்ஃபீல்ட். ரெட்டிச் ஊசி செய்யும் ஊர். ஊசிக்காரர்கள் சைக்கிளுக்குப் போய், சைக்கிளில் இருந்து 1901ல் மோட்டார் சைக்கிளுக்கு வந்தவர்கள். 1932ல் புல்லட் என்ற பெயரை வைத்தார்கள். 1949ல் விற்பனைக்கு வந்த புது புல்லட்டில் பின்சக்கரத்துக்கு ஸ்விங்கிங் ஆர்ம் சஸ்பென்ஷன் இருந்தது. அந்தக் காலத்தில் பெரும்பாலான வண்டிகளில் பின்பக்கம் இரும்புச் சட்டம்தான். குழியின் கணக்கை முதுகுதான் தீர்க்க வேண்டும்.

இந்த வண்டிகள் எல்லாம் வேலைக்காரனின் வண்டிகள். காலையில் பாக்டரிக்கு, ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் சைடுகார் பூட்டி மனைவி மக்களோடு ஊர் சுற்ற. ஒரு மணி, இரண்டு மணி நேரம் உட்கார வேண்டியவனுக்காகச் செய்ததால் உட்காரும் இடமும் மனுஷ உடம்புக்கு ஏற்றபடி இருந்தது.

1959ஆம் ஆண்டை நான் திருப்பம் என்று சொல்வேன். அந்த ஆண்டில் மினி கார் வந்தது; ஏறக்குறைய ஐந்நூறு பவுனுக்கு ஒரு குடும்பம் நனையாமல் போகலாம். அதே ஆண்டு எம்1 என்ற நெடுஞ்சாலையின் முதல் பகுதி திறந்தது. அதே ஆண்டுதான் டிரையம்ஃப் தன் பான்வில்லை விற்பனைக்குக் கொண்டுவந்தது. குடும்பஸ்தன் காருக்குப் போய்விட்டான். மோட்டார் சைக்கிளிடம் மிச்சமிருந்தவன் இளைஞன். அவனுக்கு வேண்டியது வேகம். லண்டனில் லாரி டிரைவர்களுக்காக 1938ல் தொடங்கிய ஏஸ் கஃபே போன்ற இடங்களில் கூடி, கைப்பிடியைக் கழற்றித் தாழ்வாக மாட்டி, கால் வைக்கும் இடத்தைப் பின்னுக்குத் தள்ளி, ஊரைச் சுற்றிப் பறந்தார்கள். பிறகு 1969ல் ஹோண்டாவின் சி.பி. 750 வந்தது. நாலு சிலிண்டர், முன்னால் டிஸ்க் பிரேக், பொத்தானை அமுக்கினால் கிளம்பும். பிரிட்டிஷ் கம்பெனிகள் பழைய அச்சுகளையும் பழைய இயந்திரங்களையும் வைத்துக்கொண்டு திணறின. 1985ல் சுசுகியின் ஜி.எஸ்.எக்ஸ்.ஆர். 750 வந்தபோது பந்தயத் தளத்து வண்டியே தெருவுக்கு இறங்கிவிட்டது. கவிழ்ந்து உட்காருவதுதான் நாகரிகம் என்றாகி, அந்த வரிசையின் கடைசியில் நானும் போய் நின்றேன்.

இதற்கிடையில் நம் பக்கத்துக் கதை வேறு விதமாக ஓடியது. சுதந்திரத்துக்குப் பின் எல்லைக் காவலுக்கு நம் ராணுவம் புல்லட்டைத் தேர்ந்தெடுத்து நூற்றுக்கணக்கில் கேட்டது. 1955ல் ரெட்டிச் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்ட் இந்தியாவைத் தொடங்கின. முதலில் அங்கிருந்து பாகங்கள் வர, இங்கே பூட்டும் வேலை. 1957ல் பாகங்களைச் செய்யும் கருவிகளையே கொடுத்துவிட்டார்கள். 1962 வாக்கில் முழு வண்டியும் திருவொற்றியூரிலேயே உருவானது.

நாம் ஏதோ பெரிய ஞானத்தால் அந்தப் பழைய வண்டியைக் காப்பாற்றினோம் என்று சொன்னால் அது பொய். லைசென்ஸ் ராஜ்யம். புது மாடல் கொண்டுவர அனுமதி கிடையாது. அன்னியச் செலாவணி கிடையாது. புல்லட், ஜாவா, ராஜ்தூத் என்று மூன்று பெயரைச் சொன்னால் கடை தீர்ந்தது. பணத்தைக் கட்டிவிட்டுக் காத்திருந்த காலம். ஆனால் இன்னொன்றும் உண்டு. இங்கிலாந்துக் குடும்பஸ்தன் மினிக்குப் போன மாதிரி நம் குடும்பஸ்தன் காருக்குப் போக முடியவில்லை. ஆகவே வண்டி இங்கே வேலைக்காரனின் வண்டியாகவே இருந்தது. டாக்டர், போலீஸ்காரர், பால் வியாபாரி, பின்னால் ஒருக்களித்து உட்காரும் புடவைக்காரி, முன்னால் டாங்க் மேல் குழந்தை. இவ்வளவு பேரையும் ஏற்றிக்கொண்டு கைப்பிடியைத் தாழ்த்த முடியுமா? இல்லாமையும் தேவையும் சேர்ந்து 1949ஆம் வருஷத்து முக்கோணத்தை அப்படியே வைத்திருந்தன.

தாய் வீடு அதற்குள் விழுந்துவிட்டது. ரெட்டிச் தொழிற்சாலை 1967ல் மூடியது. கடைசி இங்கிலாந்து ராயல் என்ஃபீல்ட்கள் 1970ல் பிராட்ஃபோர்ட் ஆன் ஏவன் என்ற ஊரில், பழைய கல் சுரங்கத்துக்குள் இருந்த பட்டறையில் செய்யப்பட்டன. அதோடு சரி. பிள்ளை மட்டும் திருவொற்றியூரில் உதைத்தால் கிளம்பிக்கொண்டிருந்தான். 1977ல் அந்தப் பிள்ளையையே இங்கிலாந்துக்கு ஏற்றுமதி செய்யத் தொடங்கினார்கள்.

அதற்குப் பிறகும் சுலபமாக இருக்கவில்லை. எண்பதுகளின் நடுவில் ஜப்பானியக் கூட்டில் 100 சி.சி. வண்டிகள் வந்ததும் புல்லட்டை வாங்க ஆள் குறைந்தது. 1994ல் ஐஷர் குழுமம் கம்பெனியை எடுத்துக்கொண்டது. 2000 வாக்கில் மூடிவிடலாமா, விற்றுவிடலாமா என்ற பேச்சே எழுந்தது. அப்போது பொறுப்பேற்ற இளைஞர் சித்தார்த்த லால், உருவத்தைத் தொடாமல் உள்ளே இருப்பதை மாற்றும் வழியைப் பிடித்தார். 2009ல் புது இஞ்சினோடு கிளாசிக் வந்தது. ஒரகடம், வல்லம் வடகால் தொழிற்சாலைகள் வந்தன. 2017ல் இங்கிலாந்தில் லெஸ்டர்ஷயரின் பிரன்டிங்தோர்ப்பில் தன் தொழில்நுட்ப மையத்தைத் திறந்தார்கள். எங்கள் கவென்ட்ரி வீட்டில் இருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். அதே 2017 நவம்பரில் மிலான் கண்காட்சியில் இன்டர்செப்டர் 650ஐக் காட்டினார்கள். பெயர் புதிதல்ல, அறுபதுகளில் ரெட்டிச்சில் செய்த இரட்டை சிலிண்டர் வண்டியின் பெயர்.

2022 வசந்தத்தில் டாக்டர் "இனி ஓட்டலாம், ஆனால் குனியாதே" என்றார். வீட்டில் சொன்னேன்.

"ஏங்க, இந்த வயசுல எதுக்குங்க இது? கார்ல ஹீட்டர் இருக்கு, ரேடியோ இருக்கு."

"முதுகுக்கு நல்லதுன்னு டாக்டரே சொல்றார்" என்றேன். பாதி உண்மை.

"டாக்டர் ஓட்டலாம்னு சொல்லியிருப்பார். நல்லதுன்னு சொல்லியிருக்க மாட்டார். சரி, வாங்குறதா இருந்தா நானும் ஏறிப் பார்த்துட்டுத்தான்."

நியாயமான நிபந்தனை. நான் என் கணக்கை எழுதிக்கொண்டேன். 70 மைல் வேகத்தில் நெடுஞ்சாலையில் திணறாமல் போக வேண்டும். எனவே 350 சி.சி. போதாது. இருநூறு கிலோவை வெகுவாகத் தாண்டக் கூடாது. பின்னால் தள்ளி நிறுத்த என் முதுகு ஒத்துழைக்க வேண்டும். ஐந்தடி ஆறங்குல உயரத்துக்குப் பாதம் தரையில் பதிய வேண்டும். முக்கியமாக அந்த முக்கோணம்.

கடைகடையாக ஏறினேன். இஞ்சினைக் கிளப்புவதற்கு முன் வண்டிமேல் பத்து நிமிஷம் சும்மா உட்கார்ந்திருப்பது என் வழக்கமாயிற்று. விற்பனைப் பையன்கள் வினோதமாகப் பார்ப்பார்கள். ஆனால் முதுகு ஐந்தாவது நிமிஷத்தில்தான் உண்மை பேசத் தொடங்கும். காலை நீட்டி உட்காரும் குரூசர் வகை முதலில் கழிந்தது. டிரையம்ஃபின் 900 சி.சி. இரட்டை சிலிண்டர் வண்டி அருமையாக இருந்தது, சீட்டும் தாழ்வு. விலையும் இன்சூரன்ஸும் எனக்கு உயரம். ஹோண்டாவின் சி.பி. 500: 471 சி.சி., 47 குதிரைத்திறன், 190 கிலோவுக்குள் எடை. குறை என்று ஒன்றும் சொல்ல முடியாது. புத்தி அதைத்தான் வாங்கச் சொன்னது.

பிறகு இன்டர்செப்டர். 648 சி.சி. இதற்கும் 47 குதிரைத்திறன்தான். இரண்டும் ஒரே எண்ணில் வந்து நிற்பதற்குக் காரணம் உண்டு. ஐரோப்பாவில் நடுத்தர லைசென்ஸுக்கு 35 கிலோவாட் என்பது எல்லை. அது ஏறத்தாழ 47 குதிரைத்திறன். பெட்ரோல் இல்லாமல் 202 கிலோ, ஹோண்டாவைவிடக் கனம். சீட்டு உயரம் 804 மில்லிமீட்டர். இரண்டு குதிகாலும் முழுதாகப் பதியவில்லை. ஆனால் கைப்பிடி தானாகக் கைக்கு வந்தது. தோள், இடுப்பு, பாதம் ஒரே கோட்டில். பத்து நிமிஷம் ஆன பிறகும் முதுகு வாயைத் திறக்கவில்லை.

இது முதுகு சொல்வதா, ஊர்ப் பாசம் சொல்வதா என்று எனக்கே சந்தேகம். ஆகவே வீட்டுக்காரியைக் கூட்டிப்போனேன். பின்சீட்டு நீளமாகவும் தட்டையாகவும் இருக்கும். நாற்பது மைல் சுற்றிவிட்டு இறங்கியவள் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே, "மாமா வண்டி மாதிரியே இருக்குங்க" என்றாள். கல்யாணமான புதிதில் அப்பாவின் வண்டியை இரவல் வாங்கி அவளை நீடாமங்கலம் வரைக்கும் கூட்டிப்போயிருக்கிறேன். முப்பது வருஷம் கழித்து அவள் உடம்பு அதை ஞாபகம் வைத்திருந்தது. அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை.

வண்டி வந்த அன்று பக்கத்து வீட்டுப் பெரியவர் டீக் கோப்பையோடு வெளியே வந்தார். எண்பது வயது. பதினைந்தாவது வயதில் டிரையம்ஃப் தொழிற்சாலையில் சேர்ந்து, அது மூடும்வரை இஞ்சின் பூட்டியவர். 1940 நவம்பரில் ஜெர்மானியர் குண்டு போட்டுக் கவென்ட்ரி எரிந்தபோது டிரையம்ஃப் ஆலையும் அழிந்தது. இரண்டு வருஷத்தில் பக்கத்து மெரிடன் கிராமத்தில் புது ஆலை கட்டினார்கள். 1973ல் அதை மூடப்போவதாகச் சொன்னபோது தொழிலாளர்கள் உள்ளே உட்கார்ந்துகொண்டு விடவில்லை. 1975 முதல் கூட்டுறவாகத் தாங்களே நடத்தினார்கள். 1983ல் முடிந்தது. இன்று ஹிங்க்லியில் இருக்கும் டிரையம்ஃப், பெயரை வாங்கிய ஜான் ப்ளூர் என்ற கட்டடத் தொழிலதிபர் புதிதாக எழுப்பியது.

பெரியவர் வண்டியைச் சுற்றி வந்தார். இரட்டை சிலிண்டர்மேல் உள்ளங்கையை வைத்தார். "எங்கே செய்தது?" என்றார்.

"எங்கள் ஊர்ப் பக்கம். மெட்ராஸ்."

ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார். எனக்குச் சங்கடமாகிவிட்டது. அவர் ஊரின் பிழைப்பு போன கதையை அவர் வாசலிலேயே கொண்டுவந்து நிறுத்தினவன் போல உணர்ந்தேன்.

மறுநாள் ஒரு தகரப் பெட்டியோடு வந்தார். உள்ளே ஸ்பானர்கள். பின்னத்தில் எண்கள். விட்வொர்த் அளவு: எண் போல்ட்டின் தலையைக் குறிக்காது, தண்டின் கனத்தைக் குறிக்கும். "உங்கள் வண்டி மில்லிமீட்டர் கணக்கு. இது எதற்கும் ஆகாது. என் பிள்ளைகள் குப்பையில் போடுவார்கள். நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்" என்றார். என் அப்பாவிடமும் இதே மாதிரி இருந்தது, திருவொற்றியூர் வண்டிக்கும் இதே அளவுதான் என்று சொன்னேன். நிமிர்ந்து பார்த்தார். "அப்படியா? அவ்வளவு தூரம் போயிற்றா இது?" என்றார்.

அந்தக் கோடையில் ஒருநாள், மகளுக்குத் தெரியாமல், பின்சீட்டில் ஏறிக்கொண்டார். ஆறு மைல்தான் மெரிடன். ஆலை இருந்த இடத்தில் இப்போது வீடுகள். ஒரு தெருவுக்குப் பான்வில் பெயர், இன்னொன்றுக்கு டேடோனா. பெயர்ப் பலகை அருகே நிறுத்தினேன். இறங்காமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "சீட்டு நன்றாக இருக்கிறது. நாங்களும் இப்படித்தான் செய்தோம்" என்றார். வேறு எதுவும் பேசவில்லை. திரும்பி வந்தோம்.

2024ல் ஓய்வு பெற்று ஊருக்கு வரும்போது வண்டியை அங்கேயே விற்றேன். தகரப் பெட்டியை மட்டும் விடவில்லை. போன மாதம் பரணில் இருந்து இறக்கிய அப்பாவின் 5/16 ஸ்பானரை எடுத்து, பெரியவரின் 5/16 மேல் வைத்துப் பார்த்தேன். வாய் சரியாகப் பொருந்தியது. இரண்டையும் துடைத்து, எண்ணெய் தடவி, ஒரே பையில் போட்டு வைத்திருக்கிறேன்.